‘நன்று’ என்றொரு தண்டனை



இந்தச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். “நன்று” என்றேன். “ரொம்ப சந்தோஷம் ஐயா, தலைப்பைச் சொல்லுங்க” என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். “அதுதாங்க தலைப்பு” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசியில் அழைப்பிதழில் ‘பணியாளர் மதிப்பீடும் நிறுவன உளவியலும்’ என்று அச்சடித்துவிட்டார்கள். அதிலும் தப்பில்லை. ஆனால் நான் வந்தது அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிப் பேசத்தான்.

தேவ் தத் என்று ஒரு பொறியாளர். நாட்டின் எல்லைப் பகுதிகளில் சாலை போடும் மத்திய அரசுப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்தவர். அடுத்த படி கண்காணிப்புப் பொறியாளர். அந்தப் படி ஏற வேண்டுமானால் மேலதிகாரி ஆண்டுதோறும் ரகசியமாக எழுதும் மந்தண அறிக்கைகளில், கடைசி ஐந்து ஆண்டும் ‘மிக நன்று’ இருக்க வேண்டும் என்று விதி. குறுக்கே வந்து நின்றது 1993-94ஆம் ஆண்டுக்கான பதிவு. அதில் மேலதிகாரி எழுதியிருந்தது ‘நன்று’. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, நம் ஊர் அலுவலகங்களில் சொல்வார்களே, 17 பி குற்றக் குறிப்பாணை, அந்த மாதிரி எதுவும் இல்லை. ‘மிக’ இல்லை, அவ்வளவுதான். அவருக்கு இளையவர்கள் மேலே போனார்கள்.

அந்த ஆண்டுக்கு ‘நன்று’ போட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பாதகமான குறிப்பு எழுதினால் மட்டும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தால் போதும் என்பது அன்றைய நடைமுறை. ‘நன்று’ எப்படிப் பாதகமாகும்? எந்த அகராதியைப் புரட்டினாலும் அது பாராட்டுச் சொல். குவாஹாட்டி உயர் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எச்.கே. சேமா, மார்க்கண்டேய கட்ஜு அமர்வு 2008 மே 12 அன்று தீர்ப்புச் சொன்னது. ஒரு பதிவு பாதகமா சாதகமா என்பதை அந்தச் சொல்லை வைத்து முடிவு செய்யக் கூடாது, அது அந்த மனிதருக்கு என்ன செய்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். மோசம், சுமார், சராசரி, நன்று, மிக நன்று, எதுவாக இருந்தாலும் சரி, எல்லாப் பதிவையும் அவரவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் மேல் அவர் முறையிட வாய்ப்புத் தர வேண்டும். அந்த முறையீட்டை, பதிவு எழுதியவருக்கு மேலே இருப்பவர் பார்க்க வேண்டும். ராணுவம் மட்டும் விலக்கு. அடுத்த ஆண்டு மே 14 அன்று மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. ‘மந்தண’ என்ற சொல்லே அறிக்கையின் பெயரிலிருந்து போயிற்று. அறிக்கையைப் பார்த்து மறுப்பு எழுத 15 நாள் அவகாசம் வந்தது. 2013இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது.

அந்தக் குறிப்பிட்ட மனிதருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் படித்தவர்கள் இந்தத் தீர்ப்பை இயற்கை நீதி என்ற தலைப்பில் வைப்பார்கள். நான் உளவியல்காரன். வகுப்பறைக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் ஓர் ஆலையின் பணியாளர் பிரிவில் எழுத்தராக இருந்தேன். மந்தண அறிக்கைகள் இருந்த இரும்பு அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கும். மார்ச் மாதக் கடைசியில் அரக்கு வைத்த உறைகள் வரும். பிரித்து, தரத்தைப் பேரேட்டில் ஏற்றி, மறுபடி உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். இருபத்து மூன்று வயதில், ஆலையில் இருந்த அத்தனை பேரைப் பற்றியும் அவர்களுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு போதை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அங்கே ஒரு சார்ஜ்மேன் இருந்தார். லேத் எந்திரம் கரகரவென்றால் பத்தடி தள்ளி நின்றே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். நான்கு ஆண்டு தொடர்ந்து அவருக்குச் ‘சராசரி’. காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே வரி: ‘பணிவு போதாது.’ ஒருநாள் டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, என்ன எழுதியிருக்காங்கன்னு நான் கேக்கல. உன் வேலைக்கு ஆபத்து வேண்டாம். எழுதினதுல என்னைப் பத்தி ஏதாவது இருக்கா, அதை மட்டும் சொல்லு” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கேள்வி புரியவே இல்லை. அவரைப் பற்றிய அறிக்கையில் அவரைப் பற்றி இல்லாமல் வேறு யாரைப் பற்றி இருக்கும்? அந்தக் கேள்விக்கு என் துறை பதில் வைத்திருக்கிறது என்று தெரிய எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு குறளை எதிர்பார்ப்பீர்கள். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று 51ஆம் அதிகாரமும் 52ஆம் அதிகாரமும் இதற்கென்றே இருக்கின்றன. மனிதவளக் கருத்தரங்குகளில் இந்த இரண்டையும் தொடாமல் யாரும் மேடையை விட்டு இறங்குவதில்லை. நான் தொடப் போவதில்லை. அந்த இருபது குறளும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அரசனைப் பார்த்துச் சொன்னவை. நான் பேசுவது அலமாரிக்கு வெளியே நின்றவரைப் பற்றி.

தொழிலாளியை அன்றாடம் மதிப்பிடும் ஏற்பாடு இருநூறு ஆண்டுக்கு மேல் பழையது. ஸ்காட்லாந்தில் நியூ லானர்க் பஞ்சாலையின் பொறுப்பை 1800இல் ராபர்ட் ஓவன் ஏற்றார். ஒவ்வொருவர் வேலை செய்யும் இடத்திலும் ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். நான்கு பக்கம், நான்கு நிறம். கறுப்பு என்றால் மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. நேற்று எப்படி வேலை செய்தாரோ அந்த நிறம் இன்று முன்பக்கம் தெரியும்படி கண்காணிப்பாளர் திருப்பி வைப்பார். பேசாமலே கண்டிக்கும் கட்டை. தினசரி நிறத்தைப் பதிவேட்டிலும் ஏற்றினார்கள்.

இதைச் சொன்னவுடன் என் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். ஊர் பார்க்கக் கறுப்பைத் தொங்கவிடுவதா? நியாயமான சுளிப்பு. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். அந்தத் தொழிலாளிக்குத் தன் நிறம் தெரியும். அந்த நிறம் தவறு என்று நினைத்தால் கண்காணிப்பாளரைத் தாண்டி நேராக ஓவனிடமே போய்ச் சொல்லலாம். தேவ் தத்துக்கு இந்த இரண்டுமே இல்லை. பொதுவில் அவமானப்படுத்தும் ஒரு மரக்கட்டை, அந்த அளவில், நம் அரக்கு உறையைவிட நேர்மையாக இருந்திருக்கிறது.

இப்போது சார்ஜ்மேன் கேள்விக்கு வருகிறேன். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கான அதிகாரிகளை அவசரமாகத் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. வால்டர் டில் ஸ்காட் என்ற உளவியலாளர் அதற்கு ஓர் அளவுகோல் செய்து கொடுத்தார். உடல்வாகு, அறிவுக் கூர்மை, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண். அந்த மாதிரி மதிப்பெண்களை எட்வர்ட் தார்ன்டைக் என்ற இன்னொரு உளவியலாளர் எடுத்துப் பார்த்தார். விமானப் படை அதிகாரிகளுக்குப் போட்ட மதிப்பெண்களில், உடல்வாகுக்கு அதிகம் வாங்கியவர் அறிவுக்கும் அதிகம் வாங்கியிருந்தார், தலைமைக்கும் அதிகம், குணத்துக்கும் அதிகம். மனிதர்கள் அப்படிச் சீராக வார்க்கப்பட்டவர்கள் கிடையாது. மதிப்பிட்டவர் ஆளை மொத்தமாக ஒருமுறை பார்த்து மனத்துக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் அதே முடிவைத்தான் நிரப்பினார். 1920இல் வந்த அந்தக் கட்டுரையில்தான் ஒளிவட்டப் பிழை என்று இன்று நாம் சொல்வதற்குப் பெயர் கிடைத்தது. நம் வீடுகளில் இதைச் சொல்ல இவ்வளவு சிரமம் வேண்டாம். பிடிச்சவங்க செஞ்சா எல்லாம் சரி என்று பாட்டி எப்போதோ சொல்லிவிட்டாள். ஆனால் பாட்டி அதை எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் ஸ்கல்லன், மௌன்ட், காஃப் என்ற மூவர். 2000இல் வந்த ஆய்வு. 4,492 மேலாளர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மேலதிகாரி, இரண்டு சகா, இரண்டு கீழ்நிலைப் பணியாளர் என்று பலர் மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண்ணுக்கு மதிப்பெண் ஏன் வேறுபடுகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல், மதிப்பெண் போட்டவரின் தனிப் போக்கிலிருந்து வந்தது. மதிப்பிடப்பட்டவரின் உண்மையான பணித்திறனிலிருந்து வந்த பங்கு அதைவிட மிகக் குறைவு.

“என்னைப் பத்தி ஏதாவது இருக்கா?” இருக்கிறது, கொஞ்சம். மீதி எழுதியவரைப் பற்றி.

நான் இதில் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பின்னாளில் நானும் ஆட்களுக்கு மதிப்பெண் போட்டேன். ஓய்வு பெறும்போது பழைய படிவங்களின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். ‘முன்முயற்சி’ என்ற கட்டத்தில் நான் தாராளமாகப் போட்டிருந்தவர்கள் எல்லாரும் கூட்டத்தில் தயங்காமல் ஆங்கிலம் பேசியவர்கள். கேட்டால் அன்றைக்குச் சத்தியம் செய்திருப்பேன், முன்முயற்சியைத்தான் பார்த்தேன் என்று.

ஆகவே அளவுகோலை இன்னும் கூர்மையாகத் தீட்டினால் போதும் என்று என் துறையில் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். ஐந்து புள்ளிக்குப் பதில் ஏழு புள்ளி, பொதுப் பண்புக்குப் பதில் நடத்தை விவரம், படிவத்துக்கு மேல் படிவம். அந்தக் கதையை வேகமாகத் தாண்டுகிறேன். பயன் கொஞ்சம்தான். கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும் பார்ப்பவரின் கண் மாறாது.

திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1975இல் ஜான் திபோ என்ற உளவியலாளரும் லாரன்ஸ் வாக்கர் என்ற சட்டப் பேராசிரியரும் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். வழக்கில் தோற்றவர்கள்கூட, தங்கள் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்திருந்தால், நடந்தது நியாயம் என்று ஏற்கிறார்கள் என்பது அதன் சாரம். என்ன கிடைத்தது என்பது ஒரு நியாயம். எப்படி முடிவு செய்தார்கள் என்பது இன்னொரு நியாயம். முன்னதைப் பங்கீட்டு நீதி என்றும் பின்னதை நடைமுறை நீதி என்றும் சொல்கிறோம். 1980இல் லெவந்தால் என்ற உளவியலாளர் நடைமுறை நீதிக்கு ஆறு விதிகள் சொன்னார். ஆறையும் இங்கே வரிசையாகச் சொல்லி உங்களைத் தேர்வுக்குத் தயார் செய்யப் போவதில்லை. எனக்கு முக்கியமானது ஒன்று: எடுத்த முடிவைத் திருத்த வழி இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் போட்டவரின் சாயல்தான் என்று தெரிந்த பிறகு, திருத்த வழி வைப்பது பெருந்தன்மை கிடையாது. அதுதான் அளவுகோலில் மிச்சமிருக்கும் ஒரே பழுதுபார்ப்பு.

இந்த நியாயம் பணத்திலும் தெரியும் என்று காட்டியவர் நிறுவன உளவியலாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க். அமெரிக்காவில் ஒரே நிறுவனத்துக்கு மூன்று ஆலைகள். ஒப்பந்தங்கள் கைநழுவியதால் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 விழுக்காடு வெட்டு. முதல் ஆலைக்கு நிறுவனத் தலைவரே போனார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். கணக்கைப் படம் போட்டுக் காட்டினார், யாரையும் வீட்டுக்கு அனுப்பாமலிருக்கத்தான் இது என்றார், வருத்தம் சொன்னார், கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னார். இரண்டாவது ஆலைக்கு ஒரு துணைத் தலைவர் போய் பதினைந்து நிமிடத்தில் செய்தியைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூன்றாவது ஆலையில் வெட்டு இல்லை. அந்தப் பத்து வாரத்தில் சரக்கறையிலிருந்து எவ்வளவு பொருள் காணாமல் போயிற்று என்று கிரீன்பெர்க் கணக்கெடுத்தார். வெட்டு விழுந்த இரண்டு ஆலையிலும் திருட்டுக் கூடியது. பதினைந்து நிமிட ஆலையில் கூடியது மிக அதிகம். அங்கே ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையையும் விட்டுவிட்டார். ஒன்றரை மணி நேர ஆலையில் அப்படி விட்டவர்கள் மிகச் சிலர். சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது. இது 1990இல் வெளியான ஆய்வு. வெட்டு ஒன்றே. சொன்ன விதமும் அதற்கு ஒதுக்கிய நேரமும்தான் வேறு.

ஆனால் நான் இன்றைக்கு உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க விரும்புவது இன்னோர் ஆய்வு. சூசன் டெய்லரும் வேறு நான்கு பேரும் 1995இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு மாநில அரசுத் துறை. நம் அலுவலகங்கள் மாதிரிதான், பழைய படிவம், ஆண்டுக்கு ஒருமுறை நிரப்புதல். பணியாளர்களைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய முறையே. மறு பாதிக்கு நீதிமன்றத்திலிருந்து கடன் வாங்கிய மூன்று விஷயம். எதை வைத்து மதிப்பிடப் போகிறோம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். பணியாளர் தன் தரப்பைச் சொல்ல வேண்டும், மேலாளர் கேட்க வேண்டும். மதிப்பெண்ணுக்குச் சான்று இருக்க வேண்டும், அதுவும் ஆண்டு முழுக்கக் குறித்து வைத்த சான்று.

முடிவு வந்தபோது, புதிய முறையில் இருந்தவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்கள் விழுந்திருந்தன. ஆம், குறைவாக. ஆனால் அவர்கள்தான் மதிப்பீடு சரியானது என்றார்கள், நியாயமானது என்றார்கள், மேலாளரை மெச்சினார்கள், இந்த வேலையிலேயே இருக்க விரும்புவதாகச் சொன்னார்கள். அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் இவ்வளவு திருப்தியாக இல்லை. மேலாளர்கள் பக்கமும் ஒரு மாற்றம்: மதிப்பெண்ணை வளைத்துப் போட வேண்டிய தேவை குறைந்தது என்றார்கள்.

இதைப் படித்த அன்று நான் எழுந்து போய்ப் பழைய அலமாரியை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மதிப்பெண் குறைவாக இருந்தால் மனிதர்கள் உடைந்து போவார்கள் என்பதுதானே பூட்டுக்கு நாங்கள் சொன்ன காரணம்? அவர்களுக்காகத்தான் பூட்டுகிறோம் என்று எனக்குச் சாவியைக் கொடுத்த அதிகாரியே சொல்லியிருக்கிறார். அந்தச் சார்ஜ்மேன் ‘சராசரி’யைத் தாங்கியிருப்பார். ‘பணிவு போதாது’ என்பதைக்கூடத் தாங்கியிருப்பார். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டிருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது. அவரால் தாங்க முடியாமல் போனது, தன்னைப் பற்றி எழுதியது யாரைப் பற்றியது என்றே தெரியாமல் இருந்தது. அவருடைய பணி ஓய்வு விழாவில் பொன்னாடை போர்த்திக் கைக்கடிகாரம் கொடுத்தவர் அந்த வரியை எழுதியவரேதான். “இவரைப் போலப் பண்பாளரைப் பார்ப்பது அரிது” என்று மைக்கில் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

சரி, எதிர்க்கேள்விக்கு வருகிறேன். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இந்த அவையில் நிறைய இருக்கிறீர்கள், மனத்துக்குள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். பூட்டைத் திறந்தார்கள், என்ன ஆயிற்று? எல்லாருக்கும் ‘மிகச் சிறப்பு’. பத்துக்கு எட்டு, ஒன்பது என்று எண்கள் வழிகின்றன. காட்ட வேண்டும் என்றவுடன் அதிகாரி சண்டைக்குப் பயந்து வாரி வழங்குகிறார். இந்தக் குறை உண்மையில் பலரும் சொல்வதுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் பூட்டியிருந்த காலத்திலும் மதிப்பெண் நேர்மையாக இருந்ததில்லை. லாங்கெனெக்கரும் வேறு இருவரும் 1987இல், ஏழு பெரிய நிறுவனங்களின் 60 உயர் மேலாளர்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். மதிப்பெண்ணைத் தெரிந்தே கூட்டுவோம், தெரிந்தே குறைப்போம் என்று அவர்கள் தயங்காமல் சொன்னார்கள். ஒருவரைக் காப்பாற்ற, ஒருவரை மிரட்ட, ஒருவரை வேறு பிரிவுக்குத் தள்ளிவிட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். தள்ளிவிட உயர்த்திப் போடுவது நம் ஊரிலும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டெய்லரின் ஆய்வில் மதிப்பெண் ஏன் வீங்கவில்லை? காட்டுவதோடு நிற்கவில்லை என்பதால். முன்கூட்டிச் சொல்வது, கேட்பது, ஆண்டு முழுக்கக் குறித்து வைப்பது எல்லாம் சேர்ந்திருந்தன. மேலாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். கையில் சான்று இருப்பவர் குறைவாகப் போட அஞ்ச மாட்டார். நாம் பல அலுவலகங்களில் எடுத்துக்கொண்டது காட்டுவதை மட்டும். முக்காலியில் ஒரு காலை மட்டும் ஊன்றிவிட்டு ஆடுகிறது என்கிறோம்.

சொல்லும் விதத்திலும் கண்ணி இருக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 92 பேரின் மதிப்பீட்டு உரையாடல்களை மேயர், கே, ஃப்ரெஞ்ச் ஆகியோர் ஆராய்ந்து 1965இல் எழுதினார்கள். ஓர் உரையாடலில் சராசரியாக 13 குறைகள் சொல்லப்பட்டன. குறை அதிகம் கேட்டவர் அந்த விஷயத்தில் முன்னேறவில்லை, பின்தங்கினார். பாராட்டுக்கும் பெரிய பலன் இல்லை. சம்பளத்தைப் பற்றியும் முன்னேற்றத்தைப் பற்றியும் ஒரே அமர்வில் பேசாதீர்கள் என்றார்கள். ஒரே நாற்காலியில் நீதிபதியும் ஆசிரியரும் உட்கார முடியாது என்ற காரணம்தான். அறுபது ஆண்டு ஆகிறது. இன்னும் பெரும்பாலான இடங்களில் ஒரே அமர்வுதான்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு அப்ரைசல் பருவம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு அழைப்புகள் கூடும். “சார், ‘நீ நல்லாத்தான் பண்ணின, ஆனா கர்வ்ல இடம் இல்லை’ன்னு மேனேஜர் சொல்றாரு” என்பார்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் நடுவில், ஒருவர் கட்டாயம் கீழே. மணி வடிவ வளைவு என்று புள்ளியியலின் பெயரில் இது நடக்கிறது. அந்த வளைவு, தேர்வு செய்யாமல் அள்ளிய பெருங்கூட்டத்துக்குப் பொருந்தலாம். ஐந்து சுற்று நேர்காணல் வைத்துப் பொறுக்கி எடுத்த எட்டுப் பேருக்கு ஏன் பொருந்த வேண்டும்? ஜெனரல் எலெக்ட்ரிக்கில் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் 20, 70, 10 என்று பிரித்துக் கடைசிப் பத்து விழுக்காட்டினரை வெளியேற்றிப் புகழ் பெற்றார். உலகமே பார்த்து எழுதியது. மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. இங்கே சில இடங்களில் பெயரை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள், அதில் 800 சிவப்பு, மீதி வெள்ளை. ஆறு பேரை மேடைக்கு அழைப்பார். ஐம்பது குழி உள்ள துடுப்பை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு கழிவு. ஒருவர் ஏழு சிவப்பு எடுப்பார், அவருக்குப் பாராட்டு. இன்னொருவர் பதினான்கு எடுப்பார், அவருக்கு எச்சரிக்கை. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவர் சரிவார், எச்சரிக்கை வாங்கியவர் தேறுவார். மேலாளர் வேடத்தில் இருக்கும் டெமிங், பார்த்தீர்களா, கண்டித்ததால் திருந்தினார் என்பார். அவை சிரிக்கும். பெட்டிக்குள் ஐந்தில் ஒன்று சிவப்பு என்று எல்லாருக்கும் தெரியும். என் மாணவனின் அலுவலகத்தில் பெட்டி மூடியிருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

என் துறையையும் ஓரிடத்தில் சந்தேகிக்க வேண்டும். லிண்ட், கான்ஃபர், ஏர்லி மூவரும் 1990இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஓர் இலக்கு விதித்தார்கள். சிலரிடம் கருத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்தார்கள். சிலரிடம் முடிவு செய்த பிறகு, இனி எதுவும் மாறாது என்று தெரியும்படி, கருத்துக் கேட்டார்கள். சிலரிடம் கேட்கவே இல்லை. மாறாது என்று தெரிந்தும் கருத்துச் சொன்னவர்கள், சொல்லவே வாய்ப்பில்லாதவர்களைவிட அதை நியாயம் என்றார்கள். மனிதருக்குத் தன் குரல் ஒலிப்பதே ஒரு மரியாதை என்று இதை அழகாக விளக்குவோம். ஆனால் ஒரு தந்திரக்கார மேலாளர் கையில் இந்த ஆய்வு கிடைத்தால்? காதைக் கொடுத்தால் போதும், கையைக் கட்டிக்கொள்ளலாம் என்றாகிவிடும். நாங்கள் அளப்பது நியாயம் நடந்ததாக எழும் உணர்வை. உணர்வுக்கும் நியாயத்துக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை. அங்கேதான் சட்டம் வேண்டியிருக்கிறது. முறையீட்டைப் பதிவு எழுதியவரே பார்க்கக் கூடாது, அவருக்கு மேலே இருப்பவர் பார்க்க வேண்டும் என்று தேவ் தத் தீர்ப்பு சொன்னதே, அந்த வரி எந்த உளவியல் அளவுகோலிலும் இல்லை.

அப்படி மேலே ஒருவரே இல்லாத இடங்களும் இப்போது உண்டு. கடந்த மாதம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த பையன், “சார், ஸ்டார் மட்டும் போட்டுருங்க” என்று இரண்டு முறை சொன்னான். யாரோ ஒருவர் நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறார். யார், எந்த நாள், மழையால் தாமதமா, முகவரி தப்பா, ஒன்றும் தெரியாது அவனுக்கு. “யார்கிட்டப்பா கேப்ப?” என்றேன். கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். அரக்கு உறையாவது ஒரு மனிதர் கையால் ஒட்டியது.

தேவ் தத்துக்கு என்ன கிடைத்தது என்று சொல்வதாகச் சொன்னேன். உச்ச நீதிமன்றம் அவருக்குப் பதவி உயர்வு தரவில்லை. ‘நன்று’ தவறு என்றும் சொல்லவில்லை. 1993-94ஆம் ஆண்டுப் பதிவை இரண்டு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவியுங்கள், அவர் முறையீடு எழுதட்டும், அதைப் பரிசீலியுங்கள் என்றது. தரம் உயர்ந்தால் பின்தேதியிட்டுப் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்க வேண்டும். அது கிடைத்தால் கூடுதல் ஓய்வூதியமும் நிலுவையும் வட்டியோடு. ஓய்வூதியம் என்று சொல்லக் காரணம், அதற்குள் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பதினான்கு ஆண்டுக்கு முன்னால் ஏதோ ஒரு மலைச் சாலையில் தான் எப்படி வேலை செய்தேன் என்று, ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் காகிதம் எடுத்து வைத்துக்கொண்டு முதல்முறையாகப் பதில் எழுத உட்கார்ந்திருப்பார்.